ஃபிளேவர் சேவர் தக்காளி: மரபணு பலித்தது, பழம் நிற்கவில்லை

1994 மே 18 அன்று, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு தக்காளியைப் பற்றித் தன் முடிவை அறிவித்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் இருந்த கால்ஜீன் நிறுவனம் உருவாக்கிய அந்தத் தக்காளி, மற்ற தக்காளிகளைப் போலவே பாதுகாப்பானது என்பதே அந்த முடிவு. சில நாட்களில் டேவிஸில் ஒரு கடையிலும், சிகாகோவை ஒட்டிய நார்த்புரூக்கில் ஒரு கடையிலும் அது விற்பனைக்கு வந்தது. மரபணு மாற்றிய முழு உணவுப் பொருள் ஒன்றை உரிய அனுமதியோடு மக்கள் காசு கொடுத்து வாங்கித் தின்றது அதுவே முதல் முறை. ‘ஃபிளேவர் சேவர்’ (சுவை காப்பான்) என்பது தொழில்நுட்பத்துக்கு வைத்த பெயர். கடையில் ‘மெக்ரிகர்ஸ்’ என்ற பெயரில் விற்றார்கள். 1997-இல் அது சந்தையிலிருந்து மறைந்துவிட்டது.

இந்தக் குறுகிய வரலாற்றை இரண்டு தரப்பும் தத்தம் வசதிக்கு ஏற்றபடி சொல்லி வருகின்றன. மக்கள் வீண் பயத்தில் ஒரு நல்ல பழத்தை ஒதுக்கிவிட்டார்கள் என்கிறது ஒரு தரப்பு. மரபணுவில் கை வைத்ததால்தான் சுவை போயிற்று என்கிறது மறுதரப்பு. நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இரண்டுமே நிற்காது. மக்கள் வாங்கினார்கள், முதல் மாதங்களில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கக் கால்ஜீனிடம் பழம் இல்லை. இது மரபணு மாற்றிய தக்காளி என்று நிறுவனமே கடையில் விளக்கத் தாள் வைத்திருந்தது. அதைப் பார்த்த பிறகும் வாங்கினார்கள். சுவை என்று பார்த்தால், தக்காளியின் சுவையை உண்மையில் கெடுத்த மாற்றங்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஆய்வகத்தின் நிழல்கூடப் படாத சாதாரண ஒட்டுச்சேர்க்கை (இரண்டு ரகங்களைக் கலந்து புது ரகம் எடுப்பது) வழியாக வந்துவிட்டன. எந்த முறையில் உருவாக்கினார்கள் என்பதை விட, பழுக்கும் வேலையில் எந்த இடத்தைத் தொட்டார்கள், எந்த ரகத்தின் மேல் தொட்டார்கள் என்பதே ஒரு தக்காளியின் சுவையைத் தீர்மானிக்கிறது. இந்த ஆய்வில் நான் காட்ட விரும்புவது அதைத்தான்.

பச்சையில் பறிக்கும் தொழில்

புளோரிடா மாநிலம் அமெரிக்காவின் குளிர்காலத் தக்காளித் தோட்டம். அங்கிருந்து பழம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு மைல் தாண்டி வடக்கே போக வேண்டும். சிவந்த பழம் அந்தப் பயணத்தைத் தாங்காது. அதனால் முற்றிய காயாக, இன்னும் முழுப் பச்சையாக இருக்கும்போதே பறித்து, பெட்டி கட்டி, அறையில் அடுக்கி, எத்திலீன் வாயுவைச் செலுத்தி நிறம் ஏற்றுகிறார்கள். எத்திலீன் தக்காளி தானே சுரக்கும் வாயுதான். அதில் நஞ்சு ஒன்றும் இல்லை. பறித்த நேரத்தில்தான் கோளாறு இருக்கிறது. செடியில் நிற்கும் கடைசி வாரத்திலும் இலையிலிருந்து சர்க்கரை பழத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. மணப்பொருள்கள் திரளத் தொடங்குவதும் நிறம் திரும்பிய பிறகுதான். காம்பிலிருந்து பிரித்த காய்க்குச் சிவப்பை வாயு கொண்டுவந்துவிடும், வராத சர்க்கரையைக் கொண்டுவராது. வெளியிலிருந்து பார்த்தால் முற்றின காயையும் முற்றாத காயையும் பிரித்தறிவதும் கடினம். முற்றாத காயை நறுக்கினால் விதையைச் சுற்றியுள்ள கூழ் இன்னும் திரளாமல், கத்தி விதையையே வெட்டிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட காய்களும் அந்தப் பெட்டிகளில் கலந்து போகின்றன, அவையும் சிவக்கின்றன.

கால்ஜீன் இந்தக் குறையைத்தான் குறிவைத்தது. பழத்தைச் செடியிலேயே செங்காய் வரை விட்டுப் பறிக்க வேண்டும். பறித்தபின் அது குழையாமல் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். குறிக்கோளில் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சுவையைக் காப்பாற்றவே அந்தப் பெயரும் வைத்தார்கள்.

ஒரு நொதி போதும் என்ற நம்பிக்கை

தக்காளிச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசைப்பொருள் பெக்டின். பழம் சிவக்கும்போது பாலிகேலக்டுரோனேஸ் என்ற நொதி ஏராளமாக உண்டாகி அந்தப் பெக்டினை நறுக்குகிறது. நொதி பெருகுவதும் பழம் குழைவதும் ஒரே நேரத்தில் நடந்ததால், இதுவே குழைவுக்குக் காரணம் என்று 1980-களில் பலர் கருதினார்கள். அந்த நொதிக்குரிய மரபணுவை எடுத்துத் தலைகீழாகச் செடியில் பொருத்தினால், நொதியை உண்டாக்கச் சொல்லும் செய்தி பாதியிலேயே அடங்கிவிடும். 1988-இல் கால்ஜீன் அறிவியலாளர்களும், இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் டான் கிரியர்சன் குழுவினரும் தனித்தனியே இதைச் செய்து காட்டினார்கள். நொதியின் அளவு 90 சதவீதம் வரை விழுந்தது. பின்னர் தேர்ந்தெடுத்த செடி வழிகளில் 99 சதவீதமும் குறைந்தது. தாவர மரபணுப் பொறியியலில் அது பெரிய சாதனை. வெளியிலிருந்து ஒரு புதிய புரதத்தைப் பழத்துக்குள் நுழைக்காமல், இருக்கிற ஒன்றை மட்டும் அடக்கியிருந்தார்கள். மாற்றம் ஏறிய செடியைக் கண்டுபிடிப்பதற்காகக் கூடவே சேர்த்த, கானமைசின் மருந்தை எதிர்க்கும் அடையாள மரபணு ஒன்றுதான் விதிவிலக்கு. அனுமதிக்கான ஆய்வில் அதிகம் விவாதிக்கப்பட்டதும் அதுதான்.

ஆனால் நொதி அடங்கிய அளவுக்குப் பழம் கெட்டியாகவில்லை. நன்கு பழுத்த நிலையில் வெடிப்பையும் அழுகலையும் ஓரளவு கூடுதலாகத் தாங்கியது, அவ்வளவே. இது எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. 1989-இலேயே கலிபோர்னியாவில் ஜேம்ஸ் ஜியோவனோனியும் உடன் பணியாற்றியவர்களும் எதிர்த் திசையில் ஒரு சோதனை செய்திருந்தார்கள். இயல்பில் பழுக்காத ஒரு தக்காளியில் இந்த நொதியை மட்டும் வலிந்து உண்டாக்கினார்கள். பெக்டின் நறுங்கியது, பழம் குழையவில்லை. குழைவு ஒரே நொதியின் வேலை அன்று என்பதை அந்தச் சோதனை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டது. விற்பனைக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே கையில் இருந்த இந்தச் சான்றுக்கு வணிகத் திட்டத்தில் உரிய இடம் கிடைத்திருந்தால், செங்காயாகப் பறித்தாலும் நசுங்காது என்ற கணக்கில் யாரும் லாரியை ஏற்றியிருக்க மாட்டார்கள்.

பெட்டிக்குள் நடந்தது

கால்ஜீனில் இருந்தவர்கள் மரபணு அறிந்தவர்கள். தக்காளி விளைவித்து, தரம் பிரித்து, அனுப்பி விற்கும் தொழிலுக்குப் புதியவர்கள். அந்தத் தொழிலில் லாபம் பைசாக் கணக்கில்தான் வரும். கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் மெக்சிகோவிலும் பயிரிட்டார்கள். ஒவ்வொரு பகுதியின் மண்ணுக்கும் வெயிலுக்கும் நோய்க்கும் தனித்தனி ரகம் வேண்டும். நல்ல ரகங்கள் பெரிய விதை நிறுவனங்களின் கையில் இருந்தன. கால்ஜீன் மரபணுவைப் பொருத்திய ரகங்களை விவசாயிகள் தரம் குறைந்தவையாகவே கருதினார்கள். விளைச்சல் குறைவு, விற்கும் தரத்தில் தேறிய பழமும் குறைவு. பச்சைக் காய்களைக் கொட்டிக் கழுவி உருட்டுவதற்காகவே அமைந்த தரம் பிரிக்கும் வரிசைகளில், பாதி சிவந்த பழம் இறங்கியதும் நசுங்கியது. பயிரிட்டு அனுப்பிச் சேர்க்க ஆன செலவு, கடையில் கிடைத்த விலையை மிஞ்சியது. பழத்துக்குத் தேவை இருந்தபடியே நிறுவனம் நட்டத்தில் மூழ்கியது. மான்சான்டோ நிறுவனம் முதலில் ஏறக்குறைய பாதிப் பங்கையும், 1997-இல் முழு நிறுவனத்தையும் வாங்கியது. தக்காளி நின்றுபோயிற்று.

சுவையைப் பற்றித் தின்றவர்கள் சொன்னது பலவிதம். நன்றாக இருந்தது என்றவர்களும் உண்டு, பணத்துக்கு ஏற்றதில்லை என்றவர்களும் உண்டு. சாதாரண ரகத்தில் பொருத்திய மரபணு, அந்த ரகத்தில் இல்லாத மணத்தை எங்கிருந்து கொண்டுவரும்? மோர்க்குழம்பில் உப்பைச் சரியாகப் போட்டதால் புளிக்காத மோர் புளித்துவிடுமா? மணப்பொருளை உண்டாக்கும் வேறு பல மரபணுக்கள் அந்த ரகத்தில் எப்படி அமைந்தனவோ, சுவையும் அப்படியே அமைந்தது.

டப்பாவில் பலித்தது

இதே நொதியை அடக்கிய நாட்டிங்காம் தக்காளிக்கு வேறொரு வழி கிடைத்தது. ஜெனிகா நிறுவனம் அதைப் பழமாக விற்க முயலவில்லை; விழுதாக அரைத்தது. தக்காளியை நசுக்கிய நொடியிலிருந்து இந்த நொதி பெக்டினைக் கரைத்து விழுதை நீர்க்க வைக்கிறது. அதைத் தடுக்க ஆலைகளில் உடனே கொதி நிலையை ஒட்டிச் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் மணமும் போகிறது, எரிபொருளும் செலவாகிறது. நொதி இல்லாத பழத்தில் இந்தத் தொல்லை இல்லை. விழுது தானே கெட்டியாக நின்றது. குழைவைத் தடுக்கத் தவறிய அதே மரபணு, இங்கே சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது.

1996 பிப்ரவரியில் பிரிட்டனின் செயின்ஸ்பரி, சேஃப்வே கடைகளில் அது வந்தது. டப்பாவின் முகப்பிலேயே மரபணு மாற்றிய தக்காளியில் செய்தது என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். வழக்கமான விழுது 142 கிராம் 29 பென்ஸ். இதுவோ அதே 29 பென்ஸுக்கு 170 கிராம். நன்றாக விற்றது, சில காலம் வழக்கமான விழுதை விடவும் கூடுதலாகவே விற்றது. 1998-இல் மரபணு மாற்றிய உருளைக்கிழங்கைத் தின்ற எலிகள் பாதிக்கப்பட்டன என்று அறிவியலாளர் அர்பாட் புஸ்டாய் தொலைக்காட்சியில் சொன்னது பெரும் சர்ச்சையாக வெடித்தது. தக்காளி விழுதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் 1999-க்குள் கடைகள் டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. மக்கள் பயத்தால் ஒரு பொருள் போயிற்று என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும், ஃபிளேவர் சேவரை அல்ல.

ஒட்டுச்சேர்க்கையின் ‘ரின்’

இனி மறுபக்கம். 1968-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஒரு தக்காளி பழுக்கவே பழுக்காது. எலுமிச்சை மஞ்சளில் நின்று, மாதக்கணக்கில் வைத்தாலும் கெடாது. தானாக நேர்ந்த மரபணுப் பிறழ்வு அது. ‘ரின்’ என்று பெயர். பழுத்தலைத் தடுக்கும் பிறழ்வு என்பதன் சுருக்கம். இரண்டு பெற்றோரிடமிருந்தும் ரின் வந்தால் பழம் பயனற்றது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் மெதுவாகச் சிவந்து, வாரக்கணக்கில் கெட்டியாக நிற்கும். எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் நஹும் கேதாரும் ஹைம் ராபினோவிச்சும் இந்த வழியில் உருவாக்கிய நீண்ட ஆயுள் கலப்பினங்கள் உலகச் சந்தையை மாற்றின. உலகின் பல நாடுகளில் நீண்ட நாள் தாங்கும் கலப்பினத் தக்காளிகளின் பின்னால் ரின்னோ, அதைப் போன்ற ‘நார்’ பிறழ்வோ இருக்கிறது. இவற்றுக்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை, எந்தச் சீட்டும் ஒட்டப்படவில்லை, எவரும் எதிர்க்கவும் இல்லை.

அந்தப் பழத்தை நறுக்கிப் பாருங்கள். கத்தி அழுத்தமாக இறங்கும், சாறு பலகையில் வழியாது. சதைச் சுவர் தடித்து, நடுவில் வெளிறிய வெள்ளைத் தண்டு நிற்கும். முகர்ந்தால் பச்சை வாசம் லேசாக வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. காரணம் 2002-இல் தெளிவானது. கார்னெல் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஜியோவனோனியின் குழு ரின் மரபணுவைக் கண்டறிந்தது. குழைவுக்குரிய மரபணுவாக அது இருக்கவில்லை. பழுத்தல் முழுவதையும் நடத்தும் தலைமை மரபணுவாக இருந்தது. நிறம், எத்திலீன், சர்க்கரை மாற்றம், மணம், குழைவு எல்லாம் அதன் கீழ்தான். குழைவைத் தள்ளிப்போட அதைப் பாதி அடக்கியபோது மணமும் நிறமும் சேர்ந்தே அடங்கின.

இந்த இடத்தில் இரண்டு முறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாம் வழக்கமாக நினைப்பதற்கு நேர் எதிரான படம் கிடைக்கிறது. மரபணுப் பொறியியல் ஒரே ஒரு நொதியைத் தொட்டது. சுவையைக் கெடுக்கவில்லை, ஆயுளையும் போதுமான அளவு தரவில்லை. மரபு வழிச் சேர்க்கை தலைமை மரபணுவைத் தொட்டது; ஆயுளை அள்ளித் தந்தது, சுவையை விலையாக வாங்கிக்கொண்டது. இயற்கை முறை என்ற பெயர் சுவைக்கு எந்த உறுதியும் தரவில்லை.

பச்சைத் தோள்

இன்னொரு நிகழ்வு இதை விட மனதை உறுத்துவது. பழைய ரகங்களில் காய் முற்றும்போது காம்பைச் சுற்றி மட்டும் கரும்பச்சையாக ஒரு வளையம் இருக்கும். அந்தத் தோள் கடைசியில்தான் சிவக்கும், சில சமயம் மஞ்சளாகவே நின்றுவிடும். கிட்டத்தட்ட 1930 அளவில், காய் முழுதும் ஒரே வெளிர் பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் ஒரு பிறழ்வை வளர்ப்பாளர்கள் கண்டார்கள். பறிக்கும் நேரத்தைக் கணிக்க அது எளிது. பெட்டியில் அடுக்கினால் அழகு. எனவே எழுபது ஆண்டுகளில் அது அமெரிக்காவின் ஏறக்குறைய எல்லா வணிக ரகங்களிலும் ஏறிவிட்டது. 2012-இல் டேவிஸைச் சேர்ந்த ஆன் பவலும் குழுவினரும் அந்தப் பிறழ்வு எதை உடைத்திருந்தது என்று கண்டுபிடித்தார்கள். காயில் பசுங்கணிகங்களைப் பெருக்கும் ஜி.எல்.கே.2 என்ற மரபணுவை அது முடக்கியிருந்தது. காயே வெயிலில் சிறிது சர்க்கரை சமைத்துக்கொள்ளும் வழி அதனால் அடைபட்டது. அழகுக்காகத் தேர்ந்தெடுத்த யாருக்கும், கூடவே இனிப்பையும் கழித்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியாது.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பிகேஎம்-1 தக்காளியை வளர்த்தவர்களுக்கு இந்தப் பச்சைத் தோள் பழக்கமானது. அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் பிறழ்வைத் தூண்டி உருவாக்கிய அந்த ரகம் தட்டையான உருண்டை வடிவும் பச்சைத் தோளும் கொண்டது. தொலைதூரத்துக்கு அனுப்பவும் ஏற்றது என்று சொல்லித்தான் அதை வெளியிட்டார்கள். அதாவது தோளைப் பலி கொடுத்தால்தான் பயணம் தாங்கும் என்பது கட்டாயமில்லை.

தமிழ்நாட்டுச் சந்தைகளில் கெட்டித் தோல் பெங்களூர் தக்காளியைக் காட்டி ‘இது மரபணு மாற்றியது, அதனால்தான் கெடவே மாட்டேன் என்கிறது’ என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். இந்தியாவில் மரபணு மாற்றிய தக்காளி எதுவும் வணிகப் பயிரில் இல்லை. அது வீரிய ஒட்டு ரகம். ரசத்துக்கு நாட்டுத் தக்காளியின் புளிப்பும் சாறும் வேண்டும் என்பவர்கள் சொல்லும் குறை முழுக்க உண்மை, காரணம்தான் தவறு. அதே சமயம், ஆயுள் வேண்டும் என்கிற விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். விலை விழுந்த வாரத்தில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் பழத்தைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறவருக்கு, நான்கு நாள் கூடுதலாகத் தாங்கும் பழம் நான்கு நாள் பேரம் பேசும் வலு.

மணத்தை அளந்தவர்கள்

தக்காளியின் சுவை நாக்கில் பாதி, மூக்கில் பாதி. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம் ஆகியவை நாக்குக்கு. மூக்குக்கு நானூறுக்கும் மேற்பட்ட ஆவிப்பொருள்கள். அவற்றில் நம்மால் உணர முடிபவை சில டஜன். புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீ இவற்றை ஒவ்வொன்றாக அளந்தார். பழைய ரகங்களும் புதியவையுமாக ஏறக்குறைய நூறு ரகங்களைப் பொதுமக்களுக்குக் கொடுத்து மதிப்பெண் வாங்கினார். 398 ரகங்களின் மரபணுத் தொகுதியை வாசித்த அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. சுவைக்குரிய 13 ஆவிப்பொருள்கள் நவீன ரகங்களில் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. யாரும் வேண்டுமென்று நீக்கவில்லை. தேர்வுக்களத்தில் யாரும் முகர்ந்து பார்க்காததால் போய்விட்டன. சர்க்கரையின் கதை வேறு. பழம் பெரிதாகப் பெரிதாக அது நீர்த்துப்போகிறது. எடைக்குத்தான் காசு என்றால் இனிப்பு தோற்கும். ஆவிப்பொருளுக்கோ எடையில்லை. அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தால் விளைச்சல் குறையாது. கிளீ மரபு வழிச் சேர்க்கையிலேயே ‘கார்டன் ஜெம்’ என்ற கலப்பினத்தை உருவாக்கினார், சுவைத்தவர்கள் விரும்பினார்கள். பழம் சிறியது, ஒரு பெட்டி நிரப்பப் பறிகூலி கூடுதல் என்பதால் பெருவணிகம் தொடவில்லை. வீட்டுத்தோட்டக்காரர்கள் வளர்க்கிறார்கள்.

குளிர்பெட்டியையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிளீயின் குழு 2016-இல் பழத்தை 5 டிகிரியில் ஏழு நாள் வைத்து, மறுபடி அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து அளந்தது. சர்க்கரையும் அமிலமும் அப்படியே இருந்தன. மணப்பொருள்கள் குறைந்தவை குறைந்தவையாகவே நின்றன. 12 டிகிரிக்குக் கீழே மணத்துக்குரிய மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. நல்ல ரகம் வாங்கிக் குளிரில் வைத்தால் வாங்கியதன் பாதிப் பயன் போயிற்று.

இன்று மேசையில் உள்ளவை

ஃபிளேவர் சேவர் தொட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் சரியான இடம் இருந்தது என்பது 2016-இல் தெரிந்தது. நாட்டிங்காமில் கிரஹாம் சீமோர் குழு பெக்டேட் லையேஸ் என்ற வேறொரு நொதியை அடக்கியது. பழம் கெட்டியாக நின்றது. நிறமும் மணமும் சர்க்கரையும் குறையவில்லை. அதற்கு முன்பே 2010-இல், புதுடில்லியின் தேசியத் தாவர மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனத்தில் பெக்டினை விட்டுவிட்டுச் செல்சுவர்ப் புரதங்களில் உள்ள சர்க்கரைத் தொடர்களை வெட்டும் இரண்டு நொதிகளை அடக்கினார்கள். பழம் இரண்டு மடங்கு கெட்டியாகி, சுமார் 30 நாள் கூடுதலாக நின்றது. அதே ஆண்டில்தான், பூச்சியைத் தாங்குவதற்காக மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய்க்கு இந்தியாவில் இடைக்காலத் தடை வந்தது. இங்கிலாந்தின் கேத்தி மார்ட்டின் உருவாக்கிய ஊதாத் தக்காளியில் ஸ்னாப்டிராகன் பூவின் இரண்டு மரபணுக்கள் உள்ளன. 2024 முதல் அமெரிக்காவில் அதன் விதை வீட்டுத்தோட்டங்களுக்கு விற்கப்படுகிறது. நிறத்துக்காகச் செய்த அந்த மாற்றம், பழம் மிகைப்பழுத்து அழுகுவதையும் தாமதப்படுத்துகிறது. 2024 நவம்பரில் சீன அறிவியலாளர்கள், பழத்தில் சர்க்கரை சேர்வதற்குத் தடையாக இருக்கும் இரண்டு மரபணுக்களை மரபணுத் திருத்தம் மூலம் முடக்கியதை வெளியிட்டார்கள். எடையும் விளைச்சலும் குறையாமல் சர்க்கரை 30 சதவீதம் வரை ஏறியது.

இவை எல்லாமே கால்ஜீன் விழுந்த அதே குழியைத் தாண்ட வேண்டும். ஆய்வகத்துக்கு வசதியான ஒரு ரகத்தில் பலித்ததை, விவசாயி விரும்பும் ரகத்தில், அந்த வட்டாரத்தின் வெயிலிலும் இலைச்சுருட்டை நோயிலும் நிறுத்திக் காட்ட வேண்டும். அங்கே பொறியியலாளருக்கு வேண்டியது பல ஆண்டு தக்காளி வளர்த்த வளர்ப்பாளரின் கண். வளர்ப்பாளருக்கு வேண்டியது, தான் தேர்ந்தெடுக்கும் குணத்தோடு சேர்ந்து எது போகிறது என்று காட்டும் ஆய்வகம். ரக வெளியீட்டுச் சோதனைகளில் முன்னிலையில் நிற்பவை விளைச்சலும் காய் எடையும் நோய் எதிர்ப்பும். அவற்றுக்குச் சமமாகச் சர்க்கரை அளவும், அமில அளவும், பத்துப் பேர் கண்ணை மூடிக்கொண்டு சுவைத்துக் கொடுத்த மதிப்பெண்ணும் எடை பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை. ரகம் எந்த முறையில் பிறந்திருந்தாலும் அந்தச் சோதனை ஒன்றே.